முள்ளந்தண்டுத் தட்டுச் சத்திரசிகிச்சையும் நரம்பு வலியும்: முன்னும் பின்னும் அறிந்திருக்க வேண்டியவை

நாரியில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலையும் தாண்டிப் பாதம் வரை சுள்ளென்று ஓடும் வலி திருகோணமலையில் புதிதன்று. நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பவருக்கும், கந்தளாயிலும் மூதூரிலும் வயலில் குனிந்து நிற்பவருக்கும், நாள் முழுக்க ஓட்டோவின் ஆசனத்தில் இருப்பவருக்கும், கந்தோரில் மேசையை விட்டு எழும்பாமல் வேலை பார்ப்பவருக்கும் அது வருகிறது. வாயு என்றும் நாரிப்பிடிப்பு என்றும் சொல்லிச் சில கிழமைகளைக் கடத்திய பிறகு, ஸ்கேன் எடுத்துப் பார்த்த வைத்தியர் "டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது, சத்திரசிகிச்சை தேவைப்படலாம்" என்று சொல்லும்போது, வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அந்த நாள் வரும்வரை இந்த வலியை எப்படித் தாங்குவது என்பது ஒன்று. செய்துகொண்ட பிறகு வலி உடனே போய்விடுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை காண, வலி எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, நாரியில் 5 என முள்ளென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்க, அவற்றின் இடையே 23 இடைத்தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் வெளியே உறுதியான நார் வளையமும் உள்ளே களிபோன்ற மென்மையான பகுதியும் உண்டு. வயதாலோ பாரத்தாலோ பரம்பரைத் தன்மையாலோ வளையத்தில் வெடிப்பு ஏற்படும்போது உட்பகுதி வெளியே பிதுங்கி, பக்கத்தில் செல்லும் நரம்பு வேரைத் தொடுகிறது. இவ்வாறு பிதுங்கும் தட்டே கால்வலிக்குக் காரணமாகலாம் என்பதை 1934இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்னும் இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள் தெளிவாக எழுதிய பிறகே இன்றைய டிஸ்க் சத்திரசிகிச்சை பரவலாயிற்று. நாரியில் ஏற்படும் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை கீழேயுள்ள இரண்டு தட்டுகளில்தான் நிகழ்கின்றன. உடலின் பாரம் அதிகமாக இறங்குவதும் வளைவு அதிகமாக நடப்பதும் அங்கேதான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்திக்கொள்வது நல்லது. தட்டு முழுவதுமாக நழுவி இடம் மாறுவதில்லை; அது மேலும் கீழும் உள்ள என்புகளோடு இறுகப் பிணைந்திருக்கிறது. பிதுங்கிய பகுதியை வெளியிலிருந்து உருவியோ மிதித்தோ உள்ளே தள்ளிவிட யாராலும் முடியாது. எண்ணெய் பூசி மென்மையாகத் தடவுவது இறுகிய தசைக்கு இதமாக இருக்கலாம், அதில் பிழையில்லை. ஆனால் கால் விறைத்திருக்கும் நிலையில் முதுகைப் பலமாக அமுக்குவதும் சடாரென்று திருப்புவதும் நரம்புக்குக் கேடு செய்யலாம்.

நரம்பு வலிக்கு அழுத்தம் மட்டும் காரணம் அன்று. தட்டின் உட்பகுதியிலிருந்து கசியும் இரசாயனப் பொருட்கள் நரம்பு வேரைச் சுற்றி அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சியுற்ற நரம்பு, சாதாரண நேரத்தில் பொருட்படுத்தாத சிறு இழுவைக்கும் அழுத்தத்துக்கும் கடுமையாகச் சினக்கிறது. ஸ்கேனில் சிறிய பிதுக்கம் உள்ள ஒருவர் வலியால் துடிப்பதும், பெரிய பிதுக்கம் உள்ள இன்னொருவர் ஓரளவு நடமாடுவதும் இதனால்தான். நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. வெளியே வந்துவிட்ட பகுதியை உடலின் துப்புரவுக் கலங்கள் மெல்ல மெல்லக் கரைத்து உறிஞ்சிக்கொள்கின்றன. வளையத்தைக் கிழித்துக்கொண்டு பெரிதாக வெளிவந்த துண்டு, சிறிய பிதுக்கத்தைவிடக் கரைந்துபோகும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலானோருக்குக் கால்வலி 6 முதல் 12 கிழமைகளுக்குள் சத்திரசிகிச்சை இல்லாமலே வெகுவாகக் குறைவது இதனால்தான்.

இனி, இக்கட்டுரையின் மையமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நாரி வலியும் கால் நரம்பு வலியும் ஒன்றல்ல. நாரி வலி தசை, மூட்டு, தட்டு என்று பல இடங்களிலிருந்து வருவது. பெரும்பாலும் மந்தமான உளைவாக ஒரே இடத்தில் நிற்பது. நரம்பு வலி ஒரு கோடு பிடித்தாற்போல் காலில் இறங்குவது. எரிவு, குத்து, விறைப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு ஆகியவற்றோடு வருவது. இருமும்போதும் தும்மும்போதும் மலம் கழிக்க முக்கும்போதும் கூடுவது. தட்டுச் சத்திரசிகிச்சை முதன்மையாகக் கால் வலிக்காகச் செய்யப்படுவது. நாரி வலியை முற்றாக நீக்கித் தருவதாக அது உறுதி அளிப்பதில்லை. இந்த வேறுபாட்டைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே நோயாளியும் வீட்டாரும் விளங்கியிருந்தால், பின்னர் வரும் மனவருத்தத்தில் பெரும்பகுதி வராமலே போகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எந்த நரம்பு என்பதைக் காலே ஓரளவு காட்டிக்கொடுக்கும். நாரியின் ஐந்தாவது நரம்பு வேர் பாதிக்கப்பட்டால் பாதத்தின் மேற்புறமும் பெருவிரலும் விறைக்கும். பெருவிரலை மேலே தூக்குவது கடினமாகும். குதிக்காலில் நடக்க முடியாமல் போகலாம். அதற்குக் கீழே, நாரிக்கு அடியிலுள்ள திருவென்பின் முதலாம் வேர் என்றால் பாதத்தின் வெளி ஓரமும் சின்னவிரலும் விறைக்கும். நுனிக்காலில் எழும்பி நிற்பது சிரமமாகும். வைத்தியர் உங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பார்ப்பது, இழுபடும் நரம்பு எந்த உயரத்தில் வலியைக் காட்டுகிறது என்று அறிவதற்காகவே.

இந்தப் பரிசோதனை ஸ்கேனைவிடக் குறைந்ததன்று. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், 20 வயதினரிலேயே ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் தட்டு வீக்கம் காணப்பட்டது. ஆகவே எம்.ஆர்.ஐ. அறிக்கையில் உள்ள நீண்ட வரிகளைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. காலில் உள்ள அறிகுறியும் படத்தில் உள்ள பிதுக்கமும் ஒரே பக்கத்தில் ஒரே நரம்பைச் சுட்டும்போதுதான் சத்திரசிகிச்சையால் பலன் கிடைக்கும் என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

வலியைச் சமாளிப்பதைப் பற்றிப் பேசும் முன், சமாளிக்க முயலவே கூடாத நிலைமைகளைச் சொல்லிவிட வேண்டும். சலம் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்வது, சலமோ மலமோ தெரியாமல் கழிவது, பிறப்புறுப்பையும் மலவாசலையும் சுற்றிய பகுதி விறைத்துப்போவது, இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் வலியோ பலவீனமோ வருவது ஆகியவை நாரிக் கால்வாயின் அடியில் உள்ள குதிரைவால் நரம்புக்கட்டு முழுவதும் நசுங்குவதன் அடையாளங்கள். கழுவும்போது வழமையான உணர்வு இல்லை என்று கூச்சத்தால் சொல்லாமல் விட்டவர்கள் நிரந்தரப் பாதிப்போடு வாழ நேர்கிறது. இது மணித்தியாலங்களில் கணக்கிட வேண்டிய அவசர நிலை. விடியட்டும் என்று பார்க்காமல், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்தேனும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பாதம் திடீரெனத் தொய்ந்து செருப்புக் கழன்று விழுவதும், நாரி வலியோடு காய்ச்சலோ காரணமற்ற மெலிவோ இருப்பதும், புற்றுநோயோ காசநோயோ முன்பு இருந்தவருக்குப் புதிதாக நாரி வலி வருவதும் தாமதமின்றி வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை.

சத்திரசிகிச்சைக்கு முன்

குளிசைகளைப் பற்றிய எதிர்பார்ப்பை முதலில் சரிசெய்துகொள்வோம். பனடோல் என்று நாம் எல்லோரும் அழைக்கும் பரசிட்டமோல் நாரி உளைவைச் சற்றுத் தணிக்கலாம். நரம்பின் சுள்ளென்ற வலியைத் தனியே அடக்குவது அரிது. டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்ற அழற்சி எதிர்ப்புக் குளிசைகள் சிலருக்கு உதவுகின்றன. ஆனால் அவை இரைப்பையில் புண்ணை உண்டாக்கலாம், பிறஷரைக் கூட்டலாம், சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்; ஆகையால் வைத்தியர் குறித்த அளவிலும் குறித்த நாட்களுக்கும் மட்டுமே, சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டும். நமது மாவட்டத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 2017இல் கிண்ணியாவை டெங்கு எவ்வாறு உலுக்கியது என்பதை நாம் மறக்கவில்லை. டெங்குக் காய்ச்சலில் இவ்வகைக் குளிசைகள் இரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை. நாரிக்காக டைக்ளோபினாக் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அதை உடனே நிறுத்திவிட்டு, தான் எடுத்துவந்த குளிசையின் பெயரைச் சொல்லி வைத்தியரைக் காண வேண்டும். மழைக்காலத்தில் இதை வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நரம்பு வலிக்கென்றே கொடுக்கப்படும் குளிசைகள் வேறு. பிரிகபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின், டுலொக்செடின் ஆகியவை நரம்பின் மிகைத் துடிப்பைத் தணிக்கும் நோக்கில் எழுதப்படுகின்றன. சீனி வருத்தத்தால் வரும் பாத எரிவு போன்றவற்றில் இவற்றின் பலன் நன்கு நிறுவப்பட்டது. தட்டுப் பிதுக்கத்தால் வரும் கால்வலியில் நிலைமை அவ்வளவு உறுதியாக இல்லை. அவுஸ்திரேலியாவில் 209 நோயாளிகளிடம் பிரிகபலினை மருந்தற்ற போலிக் குளிசையோடு ஒப்பிட்டுச் செய்து 2017இல் வெளியான ஆய்வில், வலி குறைவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை; தலைச்சுற்று மட்டும் கூடுதலாக இருந்தது. இதைச் சொல்வது உங்கள் வைத்தியர் எழுதிய மருந்தை நீங்களே நிறுத்த வேண்டும் என்பதற்காக அல்ல. ஒருவருக்கு ஒத்துவருவது மற்றவருக்கு ஒத்துவராது, சில கிழமைகள் எடுத்த பிறகும் பயன் தெரியாவிட்டால், அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் "இது எனக்கு உதவுகிறதா?" என்று கிளினிக்கில் நேரடியாகக் கேட்கலாம் என்பதற்காகவே. தொடர்ந்து எடுத்தபின் திடீரென நிறுத்தக் கூடாது; படிப்படியாகக் குறைக்க வேண்டும். தூக்க மயக்கம் வருவதால் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் தோணியில் தனியே போவதும் ஆபத்து. சாராயத்தோடோ, டிரமடோல் போன்ற வலுவான வலிநிவாரணியோடோ சேரும்போது மூச்சு மந்தமாகும் அபாயம் உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அளவு குறைக்கப்பட வேண்டும் என்பதால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மருந்தைவிட, உடலை வைத்துக்கொள்ளும் விதத்தில் பலருக்குக் கூடுதல் ஆறுதல் கிடைக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது மல்லாக்கப் படுத்து முழங்கால்களின் கீழே இரண்டு தலையணைகளை வைப்பதும், ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணையை வைப்பதும் நரம்பின் இழுவையைத் தளர்த்தும். ஆனால் நாட்கணக்கில் படுக்கையிலேயே கிடப்பது மீட்சியை விரைவாக்குவதில்லை. தசை தளர்ந்து உடல் சோர்வதுதான் மிச்சம். ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு, தாங்கக்கூடிய அளவில் சிறிது சிறிதாகப் பலமுறை நடப்பதே மேலானது. காலையில் வெயில் ஏறும் முன் வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம் நடந்தால் போதும்; கடற்கரை மணலில் நடப்பது கால் புதைந்து நாரியை உலுப்புவதால் இந்தக் கட்டத்தில் உகந்ததன்று. கதிரையில் நீண்ட நேரம் இருப்பதுதான் தட்டின் மீது பாரத்தைக் கூட்டி நரம்பை அதிகம் சினக்கச் செய்கிறது.

நம் வீடுகளின் வழமையான வேலைகளிலேயே குனிவு நிறைய இருக்கிறது. தேங்காய் துருவப் பலகையில் குந்தியிருந்து முன்னே வளையும்போது நாரி முழுவதும் மடிந்து தட்டுப் பின்னோக்கித் தள்ளப்படுகிறது; துருவுகருவியை மேசையில் பொருத்தி நின்றபடி துருவினால் அந்த மடிவு இல்லை. கிணற்றில் வாளியை இழுத்துத் தூக்கும்போது உடல் குனிவதோடு திரும்பவும் செய்கிறது; இவ்விரண்டும் சேர்ந்த அசைவே பிதுங்கிய தட்டுக்கு மிகக் கெட்டது என்பதால், குணமாகும்வரை அதை வேறொருவரிடம் விட்டுவிடுவதே சரி. குந்தும் மலசலகூடமுள்ள வீடுகளில் கொமோட் கதிரை ஒன்றை இரவலாகவேனும் பெற்றுவைப்பது, இப்போதும் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் பெரும் துணையாகும்.

சூட்டு ஒத்தடம் தசைப் பிடிப்பைத் தளர்த்தும். நொச்சி இலை போட்ட வெந்நீராக இருந்தாலும், கன்னியா ஊற்றின் ஏழு கிணறுகளிலும் அள்ளிக் குளிப்பதாக இருந்தாலும், வெதுவெதுப்பில் கிடைக்கும் இதம் உண்மையானதே. ஆனால் விறைத்த தோலுக்குச் சூடு தெரியாது. சுடுநீர்ப் பையை விறைத்த காலில் வைத்துக் கொப்புளம் போட்டபின் அறிவதைவிட, உணர்வுள்ள இடமான நாரியில் மட்டும் ஒத்தடம் கொடுப்பதும், சூட்டை வேறொருவர் கையால் தொட்டுப் பார்ப்பதும் பாதுகாப்பானவை.

எப்போது சத்திரசிகிச்சை என்ற தீர்மானத்தில் அவசரமும் தயக்கமும் இரண்டுமே வேண்டாதவை. நெதர்லாந்தில் செய்யப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல வழிகாட்டி. கடுமையான கால்வலியோடு 6 முதல் 12 கிழமைகளைக் கழித்த 283 பேரில் ஒரு பாதியினருக்கு விரைவில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மறுபாதியினர் மருந்தோடும் பயிற்சியோடும் காத்திருந்து, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் செய்துகொண்டனர். முதற்பிரிவினரின் வலி விரைவாகக் குறைந்தது. ஓராண்டின் முடிவில் இரு பிரிவிலும் ஏறத்தாழ 95 சதவீதத்தினர் குணமடைந்ததாகக் கூறினர். காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினருக்குக் கடைசியில் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. ஆகவே வலி தாங்கக்கூடியதாக, கிழமைக்குக் கிழமை சிறிதேனும் குறைவதாக, கால் பலம் குன்றாததாக இருந்தால் காத்திருப்பதில் தவறில்லை. தூக்கமும் தொழிலும் கெட்டு, மாதங்கள் கடந்தும் மாற்றமில்லை என்றால் தள்ளிப்போடுவதில் பயனில்லை; மிக நீண்ட காலம் நசுங்கிய நரம்பு முழுமையாகத் தேறும் வாய்ப்புக் குறைகிறது. காலின் பலம் நாளுக்கு நாள் குன்றினால் காத்திருக்கும் பேச்சே இல்லை.

நாள் குறித்தபின் செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது, எடுக்கும் எல்லா மருந்துகளையும் வைத்தியருக்குச் சொல்வது. அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசைகளை எப்போது நிறுத்துவது என்பதை அவரே சொல்வார். சித்த மருந்துகளும் சூரணங்களும் எடுப்பவர்கள் பலர் நம்மிடையே உண்டு; கண்டிப்பார்கள் என்று அஞ்சி அவற்றை மறைப்பது தவறு. சீனியைக் கட்டுக்குள் கொண்டுவருவது புண் சீழ்பிடிக்காதிருக்க உதவும். புகைப்பவர்கள் இப்போதே நிறுத்த வேண்டும். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாளுக்கு ஒரு வரி எழுதிவாருங்கள்: "காலை எழும்பும்போது வலி பத்துக்கு ஏழு, நடந்தபின் நான்கு, பெருவிரல் விறைப்பு, இரவு இரண்டு தடவை விழிப்பு." கூட்டம் நிறைந்த கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் இந்த ஒரு பக்கம் மிக உதவும், சத்திரசிகிச்சைக்குப் பிறகு உண்மையில் எவ்வளவு மாறியது என்பதை உங்களுக்கும் காட்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பின்

நுண்காட்டியின் உதவியோடு செய்யப்படும் வழமையான முறையில், முதுகில் சில சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கீறி, நரம்பை மெதுவாக ஒதுக்கி, பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கிறார்கள். முழுத் தட்டையும் அகற்றுவதில்லை. கண்விழித்ததும் "அந்தச் சுள்ளென்ற வலி இல்லை" என்று பலர் வியப்போடு சொல்வார்கள். அது உண்மையான நிவாரணம். ஆயினும் நரம்பின் மீதிருந்த பாரம் ஒரு மணித்தியாலத்தில் நீங்கினாலும், நரம்பு தேற எடுக்கும் காலம் வேறு. சப்பாணி கட்டி நெடுநேரம் இருந்து விறைத்த காலை நீட்டும்போது, உணர்வு திரும்புவதற்கு முன் குறுகுறுப்பும் குத்தும் வருவதைப் போல, அழுத்தம் நீங்கிய நரம்பும் மீளும்போது எரிவையும் திடீர்க் குத்துகளையும் தரும். சத்திரசிகிச்சையின்போது இட்ட மரப்பு மருந்தின் பலன் தீர்ந்து, காயத்தின் வீக்கம் கூடும் முதல் சில நாட்களில் பழைய கால்வலி சற்றுத் திரும்பியதுபோலத் தோன்றலாம். அந்த நாட்களில்தான் வீட்டார் மனமுடைந்து "செய்தது பிழைத்துவிட்டது" என்று முடிவுகட்டுகிறார்கள். வீக்கம் வடிய அது குறைவதே வழமை.

மீட்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வலி குறையும். அடுத்து, பலம் கிழமைகளிலும் மாதங்களிலும் திரும்பும். விறைப்புத்தான் கடைசி. சேதமுற்ற நரம்பு இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் என்ற கணக்கில் வளர்வது. நாரியிலிருந்து பெருவிரல் வரை உள்ள தூரத்தை நினைத்துப் பார்த்தால், விறைப்பு நீங்க ஓராண்டோ அதற்கு மேலுமோ ஆவதில் வியப்பில்லை. சிலருக்கு ஒரு சிறு பகுதி விறைப்பாகவே நின்றுவிடும். வலி நீங்கி நடமாட முடிந்த ஒருவர், பாதத்தில் கையளவு இடம் விறைத்திருப்பதை மட்டும் வைத்துச் சிகிச்சை தோற்றது என்று எண்ணுவது சரியன்று.

முதல் நாட்களில் வலிநிவாரணிகளை வலி உச்சத்துக்கு ஏறும்வரை பொறுத்திருந்து எடுக்காமல், குறித்த நேரத்துக்கு ஒழுங்காக எடுப்பதே நல்லது. வலி கட்டுக்குள் இருந்தால்தான் எழும்பி நடக்க முடியும், நடந்தால்தான் மீட்சி. டிரமடோல், கோடீன் போன்றவை மலச்சிக்கலை உண்டாக்கும். முக்கும்போது நாரி வலி கூடும். தண்ணீர், பப்பாசிப்பழம், கீரை ஆகியவற்றோடு தேவையானால் மலமிளக்கியையும் கேட்டுப் பெற வேண்டும். முன்பே எடுத்துவந்த நரம்பு வலிக் குளிசைகளை, கால்வலி போய்விட்டது என்று ஒரே நாளில் எறிந்துவிடாமல், கிளினிக்கில் சொல்லும் ஒழுங்கில் குறைக்க வேண்டும்.

படுக்கையிலிருந்து எழும்பும் முறையை வார்ட்டிலேயே இயன்மருத்துவர் காட்டித் தருவார். வீட்டில் உதவுபவரும் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகவே ஒரு பக்கம் சரிய வேண்டும். பிறகு கால்களைக் கட்டிலின் ஓரத்தால் கீழே இறக்கிக்கொண்டே, மேலே உள்ள கையால் மெத்தையை ஊன்றி உடலை உயர்த்த வேண்டும். மல்லாந்த நிலையிலிருந்து தலையைத் தூக்கி நேரே எழும்பினால் பாரம் முழுவதும் நாரியில் விழும். கையைப் பிடித்து இழுத்து எழுப்பிவிடுவது அன்பினால் செய்யும் தவறு. தரையில் பாய் விரித்துப் படுக்கும் பழக்கமுள்ளவர்கள் சில கிழமைகளுக்குக் கட்டிலுக்கு மாற வேண்டும். பாயில் படுப்பதால் அல்ல, அதிலிருந்து எழும்புவதால்தான் துன்பம்.

திருகோணமலையிலிருந்து நரம்பியல் சத்திரசிகிச்சைக்காகக் கண்டிக்கோ கொழும்புக்கோ போகிறவர்களுக்கு, வீடு திரும்பும் பயணமே முதற்சோதனை. கண்டியிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர். பஸ்ஸில் நெருக்குண்டு வருவதைவிட, இயலுமானால் முன் ஆசனத்தைப் பின்னே சாய்க்கக்கூடிய வாகனமொன்றை ஏற்பாடு செய்வது நல்லது. புறப்படுவதற்கு அரை மணித்தியாலம் முன் வலிநிவாரணியை எடுத்துக்கொண்டு, தம்புள்ளையிலும் ஹபரணையிலும் கந்தளாயிலும் இறங்கிச் சில நிமிடங்கள் நடக்க வேண்டும். இது நாரிக்காக மட்டுமன்று. நீண்ட நேரம் அசையாதிருந்தால் கெண்டைக்கால் நாளத்தில் இரத்தம் உறையும் அபாயம் சத்திரசிகிச்சைக்குப் பின் கூடுதலாக உண்டு. கிழமைகள் கழிந்தாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி நொந்தால் அதை நரம்பு வலி என்று விட்டுவிடக் கூடாது. மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அவசரம்.

நடையை நாளுக்கு நாள் கூட்டுவதே முதல் ஆறு கிழமைகளின் முதன்மையான பயிற்சி. தொடர்ந்து கதிரையில் இருப்பதை ஆரம்பத்தில் 20, 30 நிமிடங்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். குனிந்து தூக்குவது, திரும்பியபடி தூக்குவது, பிள்ளையை இடுப்பில் வைப்பது, அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர் ஆகியவற்றை வைத்தியர் சொல்லும் காலம்வரை தவிர்க்க வேண்டும். கந்தோர் வேலைக்குப் பெரும்பாலும் சில கிழமைகளில் திரும்பலாம். வலை இழுப்பதும் மூட்டை சுமப்பதும் போன்ற தொழில்களுக்கு இரண்டு மூன்று மாதங்களாவது பொறுக்க வேண்டியிருக்கும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய பாரம் என்பது தெரியாததல்ல. அதனாலேயே சத்திரசிகிச்சைக்கு முன்பே, அந்த மாதங்களின் வருமானத்தைப் பற்றி வீட்டிலும் தொழிலிடத்திலும் பேசி வைக்கச் சொல்கிறேன். பொருளாதார நெருக்கடியால் முன்கூட்டியே பாரம் தூக்கப் போகிறவர்களின் நிலைமை மிகவும் வருந்தத்தக்கது. காயம் முற்றாக ஆறும்வரை கடலிலோ குளத்திலோ வெந்நீர்க் கிணற்றிலோ முழுகிக் குளிக்கக் கூடாது.

வைத்தியசாலைக்கு மீண்டும் போக வேண்டிய அறிகுறிகளையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். காயத்திலிருந்து சீழோ தெளிந்த நீரோ வடிவது, காய்ச்சல், எழும்பி இருந்தால் கூடி, படுத்தால் குறையும் கடுந்தலையிடி, சில கிழமைகள் நன்றாக இருந்தபின் நாரியில் திடீரென எழும் தாங்க முடியாத வலி, புதிதாகக் கால் பலமிழப்பது, முன்பு சொன்ன சல மல உணர்வு மாற்றங்கள் ஆகிய எதுவாயினும் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்கலாகாது.

வலி குறைந்து நன்றாக இருந்தபின் அதே கோட்டில் கால்வலி மீண்டும் எழுந்தால், மீதமிருந்த தட்டிலிருந்து இன்னொரு துண்டு பிதுங்கியிருக்கலாம். ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதத்தினருக்கு இது நிகழ்கிறது. அப்போது மீண்டும் பரிசோதித்து, நாளத்தினூடாக நிறமூட்டும் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. மூலம் புதிய துண்டா, தழும்புத் திசுவா என்று பிரித்தறிவார்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. தழும்புக்காக மீண்டும் கீறுவது பெரும்பாலும் பயன் தருவதில்லை. நசுக்கம் எதுவும் இல்லாமலே வலி தொடர்வோரும் உண்டு. அவர்களின் வலி கற்பனையன்று. நெடுங்காலம் சினந்திருந்த நரம்பும், அதன் செய்தியைப் பெற்றுப் பழகிய மூளையும் முண்ணாணும் மிகை உணர்வோடு இருப்பதன் விளைவு அது. இவர்களுக்கு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தைச் சிறிய அளவில் இரவில் கொடுத்துத் தூக்கத்தைச் சீராக்குவதும், இயன்மருத்துவரின் மேற்பார்வையில் உடலின் பலத்தைப் படிப்படியாகக் கட்டியெழுப்புவதும், மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை பெறுவதும் ஒன்றாக நடக்க வேண்டும். வலியை முற்றாக நீக்குவதைவிட, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எத்தனை மணித்தியாலம் தூங்க முடிகிறது, எந்த வேலைக்குத் திரும்ப முடிந்தது என்பவற்றை இலக்காக வைப்பது இங்கே பொருத்தம்.

விறைப்பு நின்றுவிட்ட பாதத்துக்குத் தனிக் கவனம் தேவை. செருப்பைக் கழற்றிவிட்டு நடுப்பகலில் கோயில் வீதியிலும் மணலிலும் நடக்கும்போது சூடும் கல்லும் தெரியாமல் புண் ஏற்படலாம். காலையிலோ மாலையிலோ போவதும், ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ வீட்டாரைக் கொண்டோ பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். சீனி வருத்தமும் சேர்ந்திருப்பவர்கள் இதை ஒருநாளும் தவறவிடக் கூடாது. ஆறாவது கிழமைக் கிளினிக்கில் பெருவிரலைத் தூக்கும் பலத்தையும் நுனிக்காலில் நிற்கும் பலத்தையும் மீண்டும் பார்த்துக் கொப்பியில் எழுதித் தருமாறு வைத்தியரைக் கேளுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் எழுதிய வரிகள் அதே கொப்பியில் இருப்பதால், அடுத்து எந்தப் பயிற்சியைக் கூட்டுவது, எந்தக் குளிசையைக் குறைப்பது என்று தீர்மானிக்க அவருக்கு அது போதும்.